முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன சிகரெட் படிவு: வாடகை வீட்டைக் கழுவிக் குடிபோகும் முறை

வீட்டுக்குள் வருடக்கணக்கில் சிகரெட்டோ பீடியோ பிடித்த ஒருவர் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வீட்டுக்கு நீங்கள் குடிபோகிறீர்கள். அதற்கான வேலைக் குறிப்புகள் இவை. சொந்த வீட்டில் அப்பாவோ மாமனாரோ புகைப்பதை நிறுத்திய பிறகு வீட்டைச் சுத்தம் செய்வதற்கும் இதே முறைதான். கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர் இவர்களில் யாராவது வீட்டில் இருக்கப்போகிறார்கள் என்றால் எந்தப் படியையும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நாற்றம் போய்விட்டால் படிவும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூக்கு இரண்டே நாளில் பழகிவிடும். சுவரும் மெத்தையும் மாதக்கணக்கில் நிகோட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே வேலை காற்றில் இல்லை, பொருள்களில் இருக்கிறது.

சுவரில் என்ன இருக்கிறது

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. புகை கண்ணில் படாமல் கலைந்தபின் அவற்றில் பல தூசியிலும் சுவரிலும் துணியிலும் ஒட்டிக்கொள்கின்றன. மருத்துவர்கள் இதை மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். இதில் அதிகமாக ஒட்டுவது நிகோட்டின். அது எண்ணெய்ப் பசையோடு படிந்து மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும்.

வெறுமனே ஒட்டிக்கிடந்தால்கூடப் பரவாயில்லை. அது மாறவும் செய்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தார் 2010-ல் காட்டியது இது: மேற்பரப்பில் படிந்த நிகோட்டின், வீட்டுக் காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து நைட்ரசமைன்கள் என்ற வகைப் பொருள்களாக மாறுகிறது. அவற்றில் ஒன்றான என்.என்.கே. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கும் பொருள். நைட்ரஸ் அமிலம் எங்கிருந்து வருகிறது என்றால், நம் சமையலறையிலிருந்தே வருகிறது. எரியும் கேஸ் அடுப்பு, தெருவில் போகும் வண்டிகள், சிகரெட் எல்லாமே அதைத் தருபவை. அதாவது கடைசி சிகரெட் அணைந்த பிறகும் அந்தச் சுவரில் புதிய நச்சு உருவாகிக்கொண்டிருக்கலாம்.

செல்களில் செய்த சோதனைகளில் இந்தப் படிவு மரபணுவைச் சேதப்படுத்தியிருக்கிறது. எலிகளில் ஈரலையும் நுரையீரலையும் பாதித்திருக்கிறது. காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தியிருக்கிறது. மனிதரில் இத்தனை ஆண்டு வெளிப்பட்டால் இன்ன நோய் என்று கணக்குச் சொல்லும் கட்டத்துக்கு ஆய்வு இன்னும் வரவில்லை. ஆனால் படிவு உடலுக்குள் போகிறது என்பதில் சந்தேகம் இல்லை. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மேட் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், புகைத்தவர்கள் காலி செய்த வீடுகளுக்குப் புகைக்காத குடும்பங்கள் குடிவந்ததைப் பின்தொடர்ந்தார்கள். வீடுகள் சராசரியாக இரண்டு மாதம் காலியாகக் கிடந்து, சுத்தம் செய்யப்பட்டு, சிலவற்றில் பெயிண்டும் அடித்த பிறகும் தூசியிலும் சுவரிலும் நிகோட்டின் இருந்தது. புதிதாக வந்தவர்களின் விரல்களிலும் அது ஒட்டியிருந்தது.

குழந்தைகளுக்கு ஏன் ஆபத்து அதிகம் என்பதற்குக் காரணம் எளிது. தவழும் குழந்தை தரையிலேயே வாழ்கிறது, கையை வாயில் வைக்கிறது, ஜன்னல் கம்பியை நக்குகிறது. எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றையும் தூசியையும் உள்ளே இழுக்கிறது. தோல் வழியாகவும் நிகோட்டின் உள்ளே போகும். ஈரமான புகையிலைச் செடியைக் கையால் பறிக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கு வாந்தியும் தலைசுற்றலும் வருவது அதனால்தான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

வெள்ளையடித்து முடித்த வீட்டில் சுவரைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பெயிண்டர் கை வைக்காத இடங்களைப் பாருங்கள். சீலிங் ஃபேன் இறக்கையின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்: சாதாரணத் தூசி சாம்பல் நிறத்தில் உதிரும், புகைப்படிவு கலந்த தூசி பழுப்பாகப் பிசுபிசுக்கும். சமையலறை ஃபேனிலும் பிசுக்கு இருக்கும். அது தாளிப்பு எண்ணெய். ஆகவே படுக்கையறை ஃபேனைப் பாருங்கள். கதவின் மேல் விளிம்பு, லாஃப்டின் உள்சுவர், சுவர் அலமாரியின் மூலை, ஏசியின் முன்மூடியைத் திறந்தால் தெரியும் வலை இவற்றையும் பார்க்க வேண்டும்.

இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை என்றால் வேலை சுலபம். ஆணியில் தொங்கும் பழைய தினக்காலண்டரைக் கழற்றுங்கள். அட்டை இருந்த இடம் மட்டும் செவ்வகமாக வெளுப்பாகவும், சுற்றியுள்ள சுவர் மங்கிய மஞ்சளாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பாத்ரூமை விட்டுவிடாதீர்கள். குடும்பத்துக்குத் தெரியாமல் புகைப்பவர்கள் நிறையப் பேர் அங்கேதான் புகைக்கிறார்கள். வென்டிலேட்டர் கண்ணாடிப் பட்டைகள் மஞ்சளாக இருக்கும். வெந்நீர் ஆவி பட்டுப் பட்டு, சுவரின் மேல்பாதியில் பழுப்புத் துளிகள் வழிந்து காய்ந்த கோடுகள் தெரியும்.

உறுதி செய்ய ஒரு வெள்ளைத் துணியை வெந்நீரும் வினிகரும் சரிபாதி கலந்ததில் நனைத்துப் பிழிந்து, கதவு மேல் விளிம்பிலோ ஜன்னல் சட்டத்திலோ ஒரு சாண் நீளம் அழுத்தித் துடையுங்கள். மஞ்சள் பழுப்பாக வந்தால் வீட்டுக்காரரிடம் அப்போதே பேசுங்கள். "ஒரு கோட் அடிச்சுத் தர்றேன்" என்பதை ஏற்காதீர்கள். கழுவி, தகுந்த பிரைமர் போட்ட பிறகு அடிக்கட்டும். இல்லையென்றால் அந்தச் செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொள்ளட்டும்.

வாங்க வேண்டியவை

ஒரு படுக்கையறை வீட்டுக்கு: சலவை சோடா 1 கிலோ (ஆப்ப சோடா வேறு, அது இந்த வேலைக்குப் போதாது), பாத்திரம் தேய்க்கும் திரவம் அரை லிட்டர், வெள்ளை வினிகர் 5 லிட்டர், மைக்ரோஃபைபர் துணி இரண்டு டஜன், பெரிய ஸ்பாஞ்ச் நான்கு, பக்கெட் மூன்று, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, என்95 முகக்கவசம், கண்ணைக் காக்கும் கண்ணாடி. ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் கிளீனர் கிடைத்தால் வாடகைக்கு எடுங்கள். ஹெப்பா இல்லாத வாக்குவம், நுண்ணிய தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். அதற்கு ஈரத்துணியே மேல்.

இரண்டு வகைக் கரைசல் எதற்கு? தாரும் எண்ணெய்ப் பசையும் காரத்தில் கரையும். நிகோட்டின் தானே ஒரு காரப் பொருள். அமிலம் பட்டால் உப்பாக மாறி, ஆவியாகாமல் தண்ணீரோடு வந்துவிடும். அதனால் முதலில் சலவை சோடா, பிறகு வினிகர். இரண்டையும் ஒரே பக்கெட்டில் கலந்தால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்து நுரைதான் மிஞ்சும்.

பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ இந்த வேலைக்கு வேண்டாம். வினிகரோடும் பாத்ரூம் ஆசிட்டோடும் பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

முதலில் வெளியேற்றுங்கள்

சுவரில் கை வைக்கும் முன் உள்ளே இருக்கும் மென்மையான பொருள் எல்லாம் வெளியே போக வேண்டும். பஞ்சும் ஃபோமும் காகிதமும்தான் நிகோட்டினின் கிடங்கு. சுவரைக் கழுவிவிட்டுப் பழைய சோஃபாவை உள்ளே வைத்தால், அதிலிருந்து கிளம்பி மறுபடி சுவரில் படியும். சான் டியேகோவில் அடுக்குமாடி வீடுகளை ஆள்வைத்துச் சுத்தம் செய்து பார்த்த ஆய்விலும் இதுதான் நடந்தது. உடனே குறைந்த நிகோட்டின் 3 மாதத்தில் மீண்டும் ஏறியது.

தலையணை, மெத்தை, குஷன், கால்மிதி, அலமாரியில் விரித்த பழைய செய்தித்தாள், காலண்டர் அட்டை, கொசுவலை எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள். இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்துப் பஞ்சை அடித்து மறுபடி தைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பஞ்சை அடிப்பது தூசியை எடுக்கும். இழைக்குள் ஊறிய நிகோட்டினை எடுக்காது. சோஃபாவின் மரச்சட்டம் நல்லதாக இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஃபோமையும் துணியையும் மாற்றுங்கள். ஜன்னல் கொசுவலையை வெல்க்ரோ பட்டையோடு சேர்த்துப் பிய்த்து எறிந்து, புதிதாக ஒட்டுவதுதான் மலிவு.

தூக்கிப்போட முடியாத பருத்தித் துணிகளைத் தனியாக ஊறவையுங்கள். 10 லிட்டர் வெந்நீருக்கு டிடர்ஜென்ட் இரண்டு கைப்பிடி, சலவை சோடா 4 டேபிள் ஸ்பூன். ஒரு மணி நேரம். தண்ணீர் மஞ்சளாக மாறும். கொட்டிவிட்டு மறுபடி ஊறவையுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை. கடைசி அலசலில் 200 மில்லி வினிகர். காய்ந்ததும் லேசாகத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். சூட்டில் பழைய புகை வாடை கிளம்பினால் இன்னும் துவைக்க வேண்டும். பட்டும் கம்பளியும் இந்தச் சோடாவைத் தாங்காது. டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்தால் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துணியாகப் பயன்படுத்துவதும் பழைய சேலையில் தூளி கட்டுவதும் நம் வழக்கம். நைந்த பருத்தி குழந்தையின் தோலுக்கு இதம், வழக்கம் நல்லதுதான். ஆனால் பீடி பிடிக்கிற தாத்தாவின் வேட்டி, அவர் அறையின் பீரோவில் கிடந்த சேலை என்றால் வேண்டாம். பருத்தி நிகோட்டினை நன்றாகப் பிடித்துவைக்கும். குழந்தை அந்தத் துணியில் நாள் முழுக்க ஈரத்தோடு கிடக்கும். புகை இல்லாத வீட்டிலிருந்து பழைய துணி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபேனும் ஏசியும்

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஃபேன் இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். பிறகு சோடாத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். மோட்டார் கிண்ணத்தின் காற்றுத் துளைகளை டூத் பிரஷ்ஷால் தட்டி, உலர்ந்த துணியால் எடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் போகக்கூடாது. ஸ்விட்ச் போர்டுகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மெயினைப் போடுங்கள்.

ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திருப்பி விடுகிறது. புகைத்தவரின் அறையில் ஓடிய ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த ஈரச் சுருளும் அதன் பின்னால் உள்ள உருளை புளோயரும் புகைப்படிவுக்கு ஏற்ற இடங்கள். வலையை மட்டும் கழுவிவிட்டு "சர்வீஸ் முடிந்தது" என்பார்கள், அது போதாது. புளோயரைக் கழற்றி, தண்ணீர்த் தட்டையும் கழற்றி, ஜெட் பம்பில் கழுவச் சொல்லுங்கள். உள்யூனிட்டைச் சுவரிலிருந்து இறக்கி அதன் பின்பக்கச் சுவரையும் துடைப்பது நல்லது. மாட்டிய பிறகு அறையைச் சாத்தி, குளிர் இல்லாமல் ஃபேன் நிலையில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். வெளியே போய் நின்றுவிட்டு வந்து முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் புளோயர் சரியாகக் கழுவப்படவில்லை.

சுவர்

எந்த வகைச் சுவர் என்று தெரியாமல் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஈரத்துணியால் ஓர் ஓரத்தில் பத்து முறை தேயுங்கள். துணியில் சுண்ணாம்பு போல் வெள்ளையோ வண்ணமோ வந்தால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். வராவிட்டால் எமல்ஷன் அல்லது எனாமல்.

எமல்ஷன் சுவர் என்றால்: ஜன்னல்களைத் திறந்து, மேற்கூரை, சுவர் எல்லாவற்றிலும் முதலில் உலர்ந்த தூசியை வாக்குவமாலோ துணி சுற்றிய ஒட்டடைக் குச்சியாலோ எடுங்கள். 5 லிட்டர் வெந்நீரில் சலவை சோடா 4 டேபிள் ஸ்பூன், பாத்திரத் திரவம் 1 டேபிள் ஸ்பூன் கலந்துகொள்ளுங்கள். கூரையை முதலில் முடியுங்கள். சூடான காற்று மேலே போவதால் படிவு அங்கேதான் அதிகம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் துணி சொல்லிவிடும்.

சுவருக்கு வரும்போது கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து பழுப்புக் கோடு போடும். அந்தக் கோடு பிறகு போகவே போகாது. கீழே ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வழிவது ஒட்டாது. ஒரு தடவைக்கு மூன்றடிக்கு மூன்றடி போதும். ஸ்பாஞ்சால் கரைசலைப் பூசி, இரண்டு நிமிடம் விட்டு, காய்வதற்குள் தேய்த்து எடுத்து, இரண்டாவது பக்கெட்டில் உள்ள நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்ததும் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் ஒரு மூலையின் படிவை இன்னொரு மூலையில் பூசுகிறீர்கள், அவ்வளவுதான்.

சுவர் முழுக்க முடிந்தபின் ஒரு பங்கு வினிகரும் மூன்று பங்கு தண்ணீரும் கலந்து அதேபோல் துடைத்து, கடைசியாக வெறும் தண்ணீர். சுவர் மூலை, ஜன்னல் கம்பி, கதவுக் கீல், திரைச்சீலைக் கம்பி ஆகிய இடங்களைத் தனித்துணியால் செய்யுங்கள். அழுக்குத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், கழிவறையில் கொட்டுங்கள். துடைத்த துணிகளைச் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு என்றால் கழுவுவதில் பயனில்லை. ஈரம் தெளித்து, புட்டித் தகட்டால் சுரண்டி எடுக்க வேண்டும். காய்ந்த சுவரை உப்புத்தாளால் தேய்த்தால் படிவு முழுக்கத் தூசியாகப் பறந்து உங்கள் நுரையீரலுக்கே வரும். பழைய வீடுகளின் எனாமல் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை எந்தக் காரணத்துக்காகவும் உலர்வாகத் தேய்க்கக்கூடாது. சுண்ணாம்புச் சுவரில் வினிகரும் கூடாது, அரித்துவிடும்.

இந்த நாள்களில் குழந்தைகளும் கர்ப்பிணியும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

பெயிண்டில்தான் அதிகப் பேர் கோட்டை விடுகிறார்கள்

கழுவாத சுவரின் மேல் தண்ணீர் கலக்கும் எமல்ஷனை அடித்தால், பெயிண்டில் உள்ள தண்ணீர் சுவரின் நிகோட்டினைக் கரைத்து, காயும்போது தன்னோடு மேலே இழுத்துக்கொண்டு வரும். ஒரு வாரத்தில் புதுச் சுவரில் மஞ்சள் தேமல். இரண்டாவது கோட், மூன்றாவது கோட் அடித்தாலும் இதே கதைதான். வால் புட்டி வைத்தால் மறையும் என்று பெயிண்டர் சொல்வார். புட்டியும் தண்ணீரில் குழைப்பதே. கறையும் ஏறும், பிசுக்கின் மேல் பிடிக்காமல் பிறகு செதிலாக உரியவும் செய்யும்.

வேண்டியது டர்பென்டைன் கலக்கும் வகைப் பிரைமர். கடையில் "வால் பிரைமர்" என்று மட்டும் கேட்டால் தண்ணீர் வகையைக் கொடுத்துவிடுவார்கள். டப்பாவில் எதைக் கலக்கச் சொல்லியிருக்கிறது என்று படித்து வாங்குங்கள். அரக்கு அடிப்படையிலான கறை மறைக்கும் பிரைமர் கிடைத்தால் இன்னும் நல்லது. மோசமான அறைக்கு இரண்டு கோட். நடுவே ஓர் இரவு காயட்டும். அதன் மேல் தாராளமாக எமல்ஷன் அடிக்கலாம்.

சுவர் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும்: வெயில் காலத்தில் இரண்டு நாள், ஐப்பசி கார்த்திகையில் ஒரு வாரம்கூட ஆகும். ஈரச் சுவரில் இந்தப் பிரைமர் கொப்புளம் போடும். முழு வீட்டையும் அடிக்கும் முன் மிக மஞ்சளான மூலையில் ஓரடிச் சதுரம் பிரைமரும் பெயிண்டும் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கறை எழும்பினால் இன்னொரு முறை கழுவ வேண்டும். பிரைமரின் ஆவி தீப்பற்றும். விளக்கு, அடுப்பு, கொசுவர்த்தி எதுவும் எரியக்கூடாது. அடித்து முடித்தபின் ஒரு வாரமாவது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

தரை, மரம்

தரையில் டைல்ஸ் இருந்தால் சோடா, வினிகர் இரண்டும் போடலாம். டைல்ஸ் இடுக்கில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். மொசைக், மார்பிள், கடப்பைக் கல், ஆத்தங்குடிக் கல் இவற்றில் வினிகர் படக்கூடாது. எல்லாமே சுண்ணாம்பு அல்லது சிமென்ட் சேர்ந்தவை. பளபளப்பு போய்ப் புள்ளி விழும். சோடாத் தண்ணீரும் பிறகு மூன்று முறை வெறும் தண்ணீரும் போதும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்தோடு துடைத்தெடுங்கள்.

மர அலமாரியில் பாலிஷ் போட்ட முன்பக்கம் பிரச்சினையில்லை. பூச்சில்லாத பிளைவுட் முதுகும் இழுப்பறையின் அடிப்பக்கமும் ஊறியிருக்கும். பிழிந்த துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, அரக்கு வார்னிஷ் இரண்டு கோட் அடித்து அடைத்துவிடுங்கள்.

பணத்தை வீணாக்குபவை

ரூம் ஃபிரெஷ்னர் நாற்றத்தின் மேல் இன்னொரு வாசனையை வைக்கிறது. சாம்பிராணியும் ஊதுபத்தியும் அதையே செய்வதோடு, காற்றில் புதிதாகப் புகைத்துகளையும் சேர்க்கின்றன. ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில் இது இரட்டைக் கெடுதல். ஆப்ப சோடாவைக் கிண்ணத்தில் வைத்தால் வாடை சற்று அடங்கும், படிவு அசையாது. ஏர் பியூரிஃபையர் காற்றில் மிதக்கும் துகளைப் பிடிக்கும், சுவரைக் கழுவாது.

ஓசோன் இயந்திரம் கொண்டுவந்து "ஒரே நாளில் நாற்றம் போகும்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஓசோனே நுரையீரலை எரிக்கும் வாயு. அது நிகோட்டினோடு சேரும்போது ஃபார்மால்டிஹைடும், மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன. மூக்குக்குத் தெரிந்தது போய், தெரியாதது வருகிறது.

காற்றோட்டம் உதவும், ஆனால் துணைக்கு மட்டும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள். பகல் வெயிலில் சுவர் சூடாகும்போது அதிகமாக வெளிவரும் என்பதால் மதியமே நல்ல நேரம்.

வீட்டில் ஒருவர் இன்னும் புகைக்கிறார் என்றால்

இந்த வேலை எதுவும் நிலைக்காது. பால்கனியில் நின்று புகைக்கிறேன் என்பதும் முழுத் தீர்வில்லை. குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று வெளியில் மட்டும் புகைத்த பெற்றோரின் வீடுகளில்கூட, புகைக்காதவர் வீடுகளைவிட 5 முதல் 7 மடங்கு மாசு இருந்ததாக ஜார்ஜ் மேட் குழுவின் 2004 ஆய்வு சொல்கிறது. ஜெர்மனியில் புகைக்கத் தடையுள்ள ஒரு சினிமா அரங்கில், பார்வையாளர்களின் உடையோடும் உடலோடும் வந்த புகைப்பொருள்களைக் கருவிகள் அளந்து காட்டின. 2020-ல் அது வெளியானது.

நிறுத்தும்வரை செய்யக்கூடியது: வாசலுக்கு வெளியே, கதவைச் சாத்திக்கொண்டு புகைக்கட்டும். அதற்கென்று ஒரு சட்டை வெளியிலேயே தொங்கட்டும். உள்ளே வருமுன் அதைக் கழற்றிவிட வேண்டும். சோப்புப் போட்டுக் கை, முகம், தாடி மீசை கழுவி, வாய் கொப்பளித்து, சற்று நேரம் கழித்துத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். இதை அதட்டிச் சொன்னால் மறைந்து புகைப்பார்; குழந்தைக்காக என்று சொன்னால் பெரும்பாலான அப்பாக்களும் தாத்தாக்களும் கேட்கிறார்கள். நிறுத்த நினைப்பவர் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசகரிடம் பேசலாம்.

காருக்கும் இதே கணக்கு. சீட் கவர், தரைவிரிப்பு, கேபின் ஃபில்டர் மூன்றையும் மாற்றாமல் குழந்தை இருக்கையைப் பொருத்தாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து

குடிபோய் ஒரு மாதத்தில் இரண்டாவது சுற்று அவசியம். சுவருக்குள்ளும் மரத்துக்குள்ளும் ஆழத்தில் இருந்தது அதற்குள் மேலே வந்திருக்கும். இந்த முறை முழுச் சுவரும் வேண்டாம்: ஃபேன், ஜன்னல் கம்பி, கதவு, அலமாரி உட்புறம், தரை, ஏசி வலை. முதலில் செய்த அதே வெள்ளைத் துணிச் சோதனையை அறைக்கு மூன்று இடத்தில் செய்யுங்கள். துணி சாம்பல் நிறமாக வந்தால் வெறும் தூசி. மஞ்சள் வந்தால் அந்த அறையில் இன்னும் ஏதோ ஒரு கிடங்கு இருக்கிறது. பெரும்பாலும் அது லாஃப்டில் மறந்துபோன அட்டைப்பெட்டி, பிரைமர் படாத பீரோ மறைவுச் சுவர், அல்லது கழற்றாமல் கழுவிய ஏசி புளோயர். அதைக் கண்டுபிடித்து எடுத்தபின் மூன்றாவது மாதம் இன்னொரு முறை துடைத்துப் பாருங்கள். முதல் மழைக்காலம் வரும்வரை இதைத் தொடருங்கள். ஈரப்பதம் ஏறும்போது எஞ்சியது வாடையாக வெளிவந்து தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.